திதி நாளில் குவாதலூப்: கப்பல் பஸ்ஸா, பெர்னாரின் காரா?

சென்ற ஜனவரியில் நானும் என் மச்சாள் ராணியும் கரிபியன் கடலில் ஏழு இரவுக் கப்பல் பயணம் போய் வந்தோம். ராணி என் கணவரின் தங்கை. எனக்கு எழுபத்தாறு வயது, அவவுக்கு எழுபத்தொன்று. இரண்டு விதவைகளும் தனியே போய்த் திரும்பி வந்துவிட்டோம் என்று தெரிந்ததிலிருந்து, விம்பிள்டனில் கோவில் மண்டபத்தில் என்னைப் பிடிக்கிற எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அன்ரி, தீவுகளிலை இறங்கிச் சுத்திப் பாக்கிறதுக்குக் கப்பல்காரன்ர ரூர் எடுக்கிறதோ, வெளியிலை நாங்களே கார் பிடிக்கிறதோ?" தொலைபேசியில் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். இங்கே எழுதிவைக்கிறேன். போக இருப்பவர்கள் வாசியுங்கள்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். என் கணவர் சிவபாலன் காலமாகி மூன்று ஆண்டுகள். அவர் போனது ஜனவரி இருபத்தெட்டு. அந்த நாளுக்குள் லண்டன் திரும்பிவிட வேண்டும் என்று கணக்குப் பார்த்து, இருபத்தைந்தாம் தேதி கட்விக் விமான நிலையத்தில் வந்திறங்கும்படி ஜூலை மாதமே பயணத்தைப் பதிவு செய்தேன். விமானம், கப்பல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,640 பவுண். கன்னியர் மடப் பள்ளியில் படித்தவள் நான். மணி அடிக்க முன்பே வரிசையில் நின்று பழகியவள். எனக்குத் தேதி பிழைக்காது என்று ஒரு பெருமை இருந்தது.

டிசம்பர் கடைசியில் கோவிலில் புதுப் பஞ்சாங்கக் கலண்டர் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டும்போது பார்த்தேன். தைப் பூர்வபக்கத் தசமி, அவருடைய திதி, இந்த முறை இருபத்தெட்டில் இல்லை. ஒரு வாரம் முந்தி, நாங்கள் குவாதலூப் தீவில் நிற்கிற புதன்கிழமையில் விழுந்திருந்தது. ஆங்கிலத் தேதியைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுத்துவிட்டு, திதி நகரும் என்பதை மறந்துபோனேன். ஆறு மாதத்துக்கு முன்பு ஒருமுறை யோசித்திருந்தால் போதும். பணம் திரும்பக் கிடைக்காது.

"அம்மா, நான் இஞ்சை ஐயரை வைச்சு எல்லாம் செய்யிறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காமல் போட்டு வாங்கோ" என்றான் மகன். அவன் செய்வான், அது எனக்குத் தெரியும். ஆனால் இந்த மூன்று ஆண்டும் திதியன்று சாமி முன்னால் அவர் பேரைச் சொல்லி மோட்ச விளக்கு ஏற்றியது என் கை. அதுவரைக்கும் பச்சைத் தண்ணீரும் குடிப்பதில்லை. அந்த ஒரு விளக்கை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. கப்பலில் எங்கே ஏற்றுவது? அறைக்குள் மெழுகுதிரி, ஊதுபத்தி, விளக்கு எதுவும் கொளுத்தக் கூடாது. தீ விஷயத்தில் அவர்கள் மிகக் கண்டிப்பு, அது சரியான கண்டிப்பு.

"பற்றரி விளக்கொண்டு வாங்கிக்கொண்டு போவம். சுவிச்சைத் தட்டினால் சரி" என்றா ராணி.

"உம்மட அண்ணருக்குப் பற்றரி விளக்கோ?"

"ஏன், கடைசிக் காலத்திலை காதிலை பற்றரி போட்டுக்கொண்டு தானே இருந்தவர்?"

ராணியோடு பயணம் போவது இப்படித்தான் இருக்கும்.

இனிக் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாக்களைப் பற்றி. நாங்கள் பார்படோஸ் தீவில் கப்பல் ஏறி, முதலில் செயின்ட் லூசியாவில் இறங்கினோம். அங்கே கப்பல்காரர் நடத்தும் சுற்றுலாவைத்தான் எடுத்தோம். நாலு மணித்தியாலம், ஆளுக்கு 64 பவுண். பஸ் கப்பலடியிலேயே நின்றது. படி ஏற ஒருவர் கை கொடுத்தார். என் முழங்காலுக்கு அது பெரிய விஷயம். வழிகாட்டிப் பெண் கடலுக்குள்ளிருந்து எழும்புகிற இரண்டு கூர்மலைகளையும் காட்டி, அவை எப்படி உண்டாயின என்று தெளிவாகச் சொன்னா. குறை என்றால், நாற்பத்தைந்து பேருக்கும் ஒரே அளவு நேரம். மலை தெரிகிற இடத்தில் பன்னிரண்டு நிமிடம் விட்டார்கள். கழிவறை வரிசையில் நின்றவர்கள் மலையைப் பஸ் கண்ணாடியால்தான் பார்த்தார்கள். ஆனாலும் திரும்பும் வழியில் ஒரு லொறி புரண்டு வீதி அடைபட்டபோது, பஸ்ஸில் ஒருவரும் பதறவில்லை. கப்பல்காரரின் சுற்றுலாவில் போனவர்கள் வந்து சேரும்வரை கப்பல் நிற்கும். தனியாகப் போனவர்களுக்கு நிற்காது. நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு இந்த நிம்மதிக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குவாதலூப்பில் கப்பல்காரரிடம் மூன்று சுற்றுலாக்கள் இருந்தன: நீர்வீழ்ச்சி, பூந்தோட்டம், ரம் வடிக்கும் ஆலை. அங்கே தமிழ்க் கோவில்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். கரும்புத் தோட்ட வேலைக்கு முந்நாளில் புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து கப்பலில் கொண்டுபோன ஆட்களின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். ஆனால் எந்தச் சுற்றுலாவிலும் கோவில் இல்லை. கப்பலில் முன்பதிவு மேசையில் இருந்த பிள்ளையிடம் கேட்டேன். கணினியைப் பார்த்துவிட்டு, "ரம் ஆலையில் இலவசமாகச் சுவைத்துப் பார்க்கலாம்" என்றது. திதி நாளில்!

நல்லகாலம், லண்டனை விட்டுக் கிளம்ப முன்பே நான் வேறு வழி பார்த்திருந்தேன். எங்கள் ஆட்களுக்கு இணையத்தளம் எதற்கு? பாரிஸில் ஒரு சொந்தக்காரன் இல்லாத யாழ்ப்பாணத்து வீடு உண்டா? என் தங்கையின் மகன் சேகரன் அங்கே ஒரு பெரிய உணவகத்தில் சமையல் செய்கிறான். அவனோடு கோப்பை கழுவுகிற மனிதர் குவாதலூப் ஆள். அவருடைய தமையன் பெர்னார் தீவில் வாடகைக் கார் ஓட்டுகிறார். இரண்டு தொலைபேசி அழைப்பில் காரியம் முடிந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து, ஆறு மணித்தியாலத்துக்கு 160 யூரோ. முற்பணம் இல்லை. ரசீதும் இல்லை.

ரசீது இல்லை என்பதுதான் ராணிக்குப் பிடிக்கவில்லை. தன்பாட்டில் நீர்வீழ்ச்சிச் சுற்றுலாவுக்கு 79 பவுண் கட்டிவிட்டா.

"கோப்பை கழுவுறவற்ற தமையனை நம்பிக் கண்காணாத தீவிலை இறங்கப் போறியளோ, மச்சாள்? கப்பல் விட்டிட்டுப் போச்செண்டால்?"

"போனால் அடுத்த தீவுக்குப் பிளேன் பிடிப்பன்."

"அந்த ஓட்டத்திலை உங்களுக்கு நெஞ்சு அடைச்சால், அடுத்த வரியம் குகனுக்கு ரெண்டு திவசம்."

குகன் என் மகன். ஆனால் புதன் காலை எட்டரைக்குக் கப்பல் படியடிக்கு வந்தபோது, ராணி நீர்வீழ்ச்சிக்கு வாங்கிய சப்பாத்தோடு எனக்கு முன்னால் நிற்கிறா. "அவர் என்ர அண்ணை" என்றா. அவ்வளவுதான். 79 பவுணும் போனது போனதுதான். நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முன் சொல்லாவிட்டால் திருப்பித் தரமாட்டார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அர்ச்சனைக்கென்று கப்பலில் காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து வாழைப்பழமும் அப்பிளும் எடுத்துப் பையில் வைத்திருந்தேன். இறங்கும் வாசலில் அறிவித்தல் போட்டிருந்தார்கள்: பழமோ சமைத்த சாப்பாடோ தீவுக்குள் கொண்டுபோகக் கூடாது. எல்லாவற்றையும் அங்கே இருந்த தொட்டியில் போட்டேன். லண்டனிலிருந்து கொண்டுவந்த பஞ்சுத் திரி மட்டும் கைப்பையில் மிஞ்சியது.

பெர்னார் சொன்ன நேரத்துக்குத் துறைமுக வாசலில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். நிறமும் முகமும் யாழ்ப்பாணத்து நெல்லியடிச் சந்தையில் பார்க்கக்கூடிய ஆள் மாதிரி. கழுத்தில் சிலுவைச் சங்கிலி. என்னையறியாமல், "தம்பி, கனநேரம் நிண்டனீரோ?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு கை கொடுத்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பிரெஞ்சும், தட்டுத் தடுமாறி ஆங்கிலமும். எனக்கோ பிரெஞ்சில் பள்ளிக்கூடத்தில் ஒரு வயதான பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி சொல்லித்தந்த மரியாள் செபம் மட்டும்தான் வரும். சைவப் பிள்ளைகள் நாங்களும் தினமும் சொன்னோம். அதை வைத்துக்கொண்டு வழி கேட்க முடியாது.

துறைமுகத்திலிருந்து கப்பெஸ்தேர் என்ற ஊர் முப்பது கிலோமீற்றர் அளவில் இருக்கும். வீதி அருமை, பிரான்சில் ஓடுவது போலவே இருந்தது. இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம், குலைகளுக்கு நீலப் பை கட்டியிருந்தார்கள். முக்கால் மணித்தியாலத்தில் வீதியோரத்தில் வர்ணச் சிலைகளோடு கோவில் தெரிந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இறங்கிக் கிட்டப் போனால், இரும்புக் கதவில் பூட்டு.

பெர்னார் கமராவை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். "இங்கேயிருந்து நல்லாக விழும்."

"உள்ளே போக வேண்டும்" என்றேன்.

"இன்றைக்கு முடியாது. பூசை இருந்தால்தான் திறப்பார்கள். படம் எடுக்கத்தானே வந்தீர்கள்?"

பிழை யாருடையது? சேகரன் பெர்னாரின் தம்பியிடம் "கோவில்" என்று சொன்னான், தம்பி பெர்னாரிடம் "கோவில்" என்று சொன்னார். எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. கப்பலில் வருகிறவர்கள் கோவில் கேட்டால் படம் எடுக்கத்தான் கேட்பார்கள் என்று அந்த மனிதர் நினைத்ததில் என்ன குற்றம்?

அந்த நேரம் பார்த்து எங்கள் கப்பலின் பெயர் ஒட்டிய பெரிய பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. ராணி அதைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தா.

"அந்தா போகுது என்ர எழுபத்தொன்பது பவுண். ஏசியும் இருக்கு."

"வாயை மூடும் ராணி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வெளியாட்களுக்கு முன்னால் அழுகிறவள் இல்லை. பெர்னார் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். நான் கைப்பையைத் திறந்து திரியை எடுத்துக் காட்டினேன். "என் கணவர். இன்றைக்கு அவருடைய நாள். ஒரு விளக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் திரியைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். ஒரு ஓரமாகப் போய்த் தொலைபேசியில் யாருடனோ கனநேரம் சத்தமாகப் பேசினார். வந்து கார்க் கதவைத் திறந்தார். "என் சின்னம்மா. வீட்டில் சொந்தச் சப்பெல் இருக்கிறது."

குடும்பக் கோவிலை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், தேவாலயத்தைச் சொல்வது போலவே. கன்னியர் மடத்தில் படித்த எனக்கு அந்தச் சொல் புதிது இல்லை.

வாழைத் தோட்டங்களுக்கூடாக மேட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். சின்னம்மாவின் பெயர் லூசி. என்னிலும் நாலைந்து வயது கூட இருக்கும். பூப்போட்ட சட்டை, கழுத்தில் மாதா பதக்கம். வீட்டு மண்டபத்தில் இயேசுவின் திருவிருதயப் படம். பின்வளவில் மஞ்சள் பூசிய சின்ன அறை, அதற்குள் சிவப்புச் சீலை கட்டிய கருங்கல் அம்மன். மாரியம்மன்தான், அவர்கள் வாயில் 'மாலியெம்மா'. லூசி அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவி உள்ளே போனா. நாங்களும் அப்படியே போனோம். மண் சட்டியில் தேங்காயெண்ணெய் ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டு விலகி நின்றா. நான் என் திரியைப் போட்டு, அவர் பேரைச் சொல்லி ஏற்றினேன். காற்று இருந்தது, ஆனாலும் முதற் குச்சியிலேயே பற்றிக்கொண்டது. ராணி எனக்குப் பக்கத்தில் விழுந்து கும்பிட்டா.

நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. போகலாம் என்று எழும்பினேன். லூசி அம்மா விடவில்லை. பெர்னார் மூலம் கேள்வி வந்தது. "அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்? என்ன குடிப்பார்?"

அவர்களுடைய வழக்கத்தில், செத்தவர்களின் நாளில் அவர்களுக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலையில் படைத்து, சாம்பிராணி காட்டிக் கூப்பிடுவார்களாம். எங்களுடைய எட்டாம் நாள் படையல் மாதிரித்தான். அன்று அடுப்பில் அவ வீட்டுக்குச் சமைத்திருந்தது ஆட்டுக்கறி. தங்கள் கறித்தூளுக்கும் கறிக்கும் அங்கே 'கொலொம்போ' என்றுதான் பெயர், நம் கொழும்பேதான்.

"கொழும்பிலை இருக்கேலாமல் ஓடி வந்தனாங்கள்" என்றா ராணி. "அது எங்களுக்கு முன்னம் இஞ்சை வந்து சட்டிக்குள்ளை இருக்குது பாருங்கோ."

நான் சிரிக்கவில்லை. "மரக்கறி மட்டும் போதும் என்று சொல்லுங்கள்" என்றேன் பெர்னாரிடம். "இன்று மச்சம் கூடாது. அவர் சைவம்."

"ஆர் சைவம்?" ராணி என் பக்கம் திரும்பினா. "பாலண்ணையோ? மச்சாள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி இல்லாட்டில் அவர் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு எழும்பிப் போறவர்."

"திவசத்துக்குச் சைவம்தான், ராணி. உமக்குத் தெரியாததே?"

"எனக்குத் தெரியும். உங்கட விளக்கு உங்கட முறைப்படி எரியுது. நான் வாய் திறந்தனானே? மூண்டு வரியமா அண்ணைக்குப் பருப்பும் கத்தரிக்காயும் படைக்கிறியள். இந்த மனுசி தன்ர வீட்டிலை, தன்ர கையாலை குடுக்கிறா. அதை வேண்டாமெண்டு சொல்ல நீங்கள் ஆர்? அவருக்குத்தானே குடுக்கிறா, உங்களுக்கில்லையே!"

இவ்வளவு காலத்தில் ராணி என்னோடு அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. பெர்னாரும் லூசி அம்மாவும் ஒன்றும் விளங்காமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். நான் வாசலால் விளக்கைப் பார்த்தேன். அது தன்பாட்டில் எரிந்துகொண்டிருந்தது.

"ஆடு" என்றேன் பெர்னாரிடம். "ஆடு பிடிக்கும். ரிட்டயர் பண்ணின பிறகு இரவில் கொஞ்சம் பிரண்டி. சிகரெட் நான்தான் விடவைத்தேன்."

லூசி அம்மா தலையாட்டினா. பிரண்டி இல்லை, ரம் இருக்கிறது என்று ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றினா. பெர்னார் சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்து இலையோரத்தில் வைத்தார். வீட்டுக்குள் ஒரு அறையில் விரித்த அந்த வாழையிலையில் சோறு, ஆட்டுக் கொலொம்போ, ஈரப்பலாக்காய்க் கறி, ரம். சாம்பிராணிப் புகை. லூசி அம்மா தன் வீட்டில் போனவர்களின் பேர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டா. முத்துச்சாமி என்றும் வீரம்மா என்றும் பிரெஞ்சு நாக்கில் வந்த பேர்கள், அவற்றோடு ஜோர்ஜ், மரி. கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டுக்கொண்டு, "சிவபாலன்" என்றா. பிறகு எல்லோரையும் வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினா. அவர்கள் சாப்பிடட்டும் என்று.

நாங்கள் வெளியில் போட்டிருந்த மர வாங்கில் இருந்தோம். ராணி என் கையைப் பிடித்துக்கொண்டா. நானும் எடுக்கவில்லை.

பிறகு நான் சோறும் ஈரப்பலாக்காயும் சாப்பிட்டேன். நாள் முழுக்க ஒன்றும் இறங்காத வயிற்றுக்கு அது அமிர்தம். ராணி ஆட்டுக்கறியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாவே தவிர, தமையனின் திதியில் தொடவில்லை. "நாளைக்குப் பாசல் கட்டித் தருவினமோ எண்டு கேளுங்கோ" என்றா. கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. கறித்தூள் ஒரு பொட்டலம் தந்தார்கள், மூடி ஒட்டியிருந்ததால் அதை விட்டார்கள். லூசி அம்மா தந்த ரம் போத்தலைக் கப்பல்காரர் வாங்கி வைத்து, கடைசி இரவு திருப்பித் தந்தார்கள்.

நாலரைக்குள் ஏற வேண்டிய கப்பலுக்கு மூன்று மணிக்கே பெர்னார் கொண்டுவந்து விட்டார். ஒன்றரை மணித்தியாலம் முந்தித்தான் திரும்புவது என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். 160 யூரோவுக்கு மேலே கொடுத்ததை அவர் வாங்கவில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தூரம் அதிகம், துறைமுகம் ஒரு கரையில் பார்க்கும் இடம் மறுகரையில், படகில் ஏறி இறங்க வேண்டும், அல்லது உடம்பு முடியாது என்றால் யோசிக்காமல் கப்பல்காரரின் சுற்றுலாவை எடுங்கள். செயின்ட் லூசியாவுக்கு நான் திரும்பவும் அதைத்தான் எடுப்பேன். கிட்டத்தில் ஒரு குறிப்பிட்ட இடம், அங்கே உங்களுக்கென்று ஒரு அலுவல் என்றால் தனிக் கார் பிடியுங்கள். விலையையும் திரும்பும் நேரத்தையும் ஏறுமுன் பேசுங்கள். கைத்தொலைபேசியைக் கப்பல் நேரத்தில் வைத்திருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், சாரதியிடம் இடத்தின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். நான் ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுதான் அதைச் சொன்னேன். சொன்ன பிறகு கிடைத்ததை எந்த முன்பதிவு மேசையிலும் வாங்கியிருக்க முடியாது.

இதை எழுத இவ்வளவு மாதம் இழுத்தேன். இந்த வாரம் சேகரன் பாரிஸிலிருந்து கூப்பிட்டதால்தான் உட்கார்ந்தேன். நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள் வரும்போது, லூசி அம்மா வீட்டில் போன எல்லோருக்கும் சேர்த்துப் படைப்பார்களாம். இம்முறையும் படைத்தார்களாம். பேர்களைச் சொல்லிக் கூப்பிடும்போது இவர் பேரையும் கூப்பிட்டார்களாம். இனி வருஷா வருஷம் கூப்பிடுவார்களாம். லூசி அம்மாவுக்கு ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டுமாம்: சிவபாலனுக்கு ஆட்டில் எந்தத் துண்டு பிடிக்கும்?

"நெஞ்செலும்பு" என்று சொல்லியனுப்பினேன். "கொழுப்போடு."